சட்டமன்ற உறுப்பினர்: வேட்புமனுவிலிருந்து உறுதிமொழிக் குழு வரை

கேள்வி: இரண்டு முறை ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர் கேட்கிறார்: "எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு உண்மையில் என்ன வேலை, என்ன அதிகாரம்? போட்டியிடுவது முதல் பதவிக்காலம் முடிவது வரை எங்கெங்கே சறுக்குகிறார்கள்?"

பதில்:

எம்.எல்.ஏ.வுக்கு நிர்வாக அதிகாரம் கிடையாது. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஊராட்சித் தலைவருக்குத் துணைத் தலைவரோடு சேர்ந்து ஊராட்சிப் பணத்தை விடுவிக்கும் அதிகாரம் இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு அந்த அளவுக்குக்கூட இல்லை. அவரால் தாசில்தாரை மாற்ற முடியாது, சாலை போட உத்தரவிட முடியாது, ரேஷன் கார்டு கொடுக்க முடியாது. அவரிடம் இருப்பவை மூன்றுதான்: அவையில் ஒரு வாக்கு, அரசைக் கேள்வி கேட்கும் உரிமை, தொகுதி நிதிக்குப் பரிந்துரை செய்யும் உரிமை. மற்றதெல்லாம் செல்வாக்கு. செல்வாக்கு ஆட்சி மாறினால் போய்விடும். எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, அதை நகர்த்த எந்த விதி உதவும் என்ற அறிவு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தாலும் கைகொடுக்கும். ஐந்தாண்டில் ஏதாவது செய்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த அறிவு உள்ளவர்கள்தான்.

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். அவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டும் பழங்குடியினருக்கும் தனித் தொகுதிகள். முன்பு ஆங்கிலோ இந்தியருக்கு ஒரு நியமன இடம் இருந்தது. 104-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அது நின்றுபோனது. மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டதால் பேரவை நிறைவேற்றும் சட்டமுன்வடிவு வேறு அவைக்குப் போகாமல் நேரே ஆளுநருக்குப் போகும்.

வேட்புமனு

மனு நிராகரிப்பு பணம் இல்லாததால் நடப்பதைவிடக் காகிதம் சரியில்லாததால் நடப்பதே அதிகம். 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், போட்டியிடும் தொகுதியிலேயே பெயர் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேறு தொகுதி வாக்காளர் என்றால் உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகலைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் ஓடுகிறவர்கள் மறந்துபோகும் முதல் காகிதம் இதுதான்.

மனு படிவம் 2பி. பிரமாணப் பத்திரம் படிவம் 26. சொத்து, கடன், வழக்குகள், கல்வி, வருமான வரிக் கணக்கு எல்லாம் அதில் வர வேண்டும், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் விவரங்களோடு. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. சொல்ல எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுத வேண்டும். வெற்றிடம் விட்ட பத்திரத்தை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடந்த பத்தாண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நிலுவை இல்லை என்ற சான்றும் வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்காரருக்கும் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பத்துக் கையெழுத்து வாங்குவது எளிதாகத் தெரியும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு எப்படி விழுந்தது என்று பாருங்கள்: முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர் 'அது எங்கள் கையெழுத்து இல்லை' என்றார்கள், மனு போயிற்று. ஆகவே ஒரே மனுவோடு நிற்காதீர்கள். ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள் வரை தரலாம், வைப்புத்தொகை ஒரு முறை கட்டினால் போதும். நான்கிலும் வெவ்வேறு ஆட்களை முன்மொழியச் செய்து, கையெழுத்தை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள், பாக எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரைதான் மனு வாங்குவார்கள். கட்சிச் சின்னத்துக்கான படிவம் ஏ, படிவம் பி இரண்டும் கடைசி நாள் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்து அனுப்பிய நகல் செல்லாது, மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். மனு கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்க வேண்டும், அதைப் பரிசீலனை நாளுக்கு முன்னாலேயே எடுத்தாக வேண்டும். பரிசீலனை அன்று காலை போய் எடுத்தால் காலம் கடந்தது.

ஊராட்சி அரசியலிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஒப்பந்தம். மாநில அரசோடு உங்கள் பெயரில் நடப்பில் உள்ள ஒப்பந்தம், பொருள் தருவதற்கோ வேலை செய்வதற்கோ இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி தகுதி இழப்பு. வேலையை முழுதாக முடித்துவிட்டு பில் மட்டும் வராமல் இருந்தால் அது நடப்பு ஒப்பந்தமாகாது. ஆகவே வேலை முடிந்ததற்கான அளவுப் புத்தகப் பதிவின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

தண்டனை விஷயம் பலருக்கும் தெரியும், ஆனாலும் அரைகுறையாகத் தெரியும். இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால் தீர்ப்பு நாளிலிருந்தே பதவி போகும். விடுதலைக்குப் பிறகும் ஆறாண்டு நிற்க முடியாது. முன்பு, பதவியில் இருப்பவர் மூன்று மாதத்தில் மேல்முறையீடு செய்தால் பதவி தப்பிக்கும். 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபடியே ஸ்ரீரங்கம் உறுப்பினர் பதவியை இழந்தது அதன் விளைவு. தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. முன்னது சிறைக்குப் போகாமல் காக்கும். பின்னது மட்டுமே பதவியைக் காக்கும். பொன்முடிக்கு 2023 டிசம்பரில் போன திருக்கோவிலூர் உறுப்பினர் பதவி 2024 மார்ச்சில் திரும்பி வந்தது, உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைத்ததால்தான்.

கணக்கும் வாக்கு எண்ணிக்கையும்

செலவு வரம்பு தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய். 2021 தேர்தலின்போது 30.8 லட்சமாக இருந்தது, 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள். ஆறரை லட்சம் வாக்காளருக்கு மேல் இருந்த சோழிங்கநல்லூருக்கும் இரண்டு லட்சத்துக்குக் குறைவாக இருந்த துறைமுகத்துக்கும் ஒரே வரம்புதான். இது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பு தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். மனு கொடுத்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவெல்லாம் அதிலிருந்து போக வேண்டும். ஒருவருக்கு ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடாது. தினசரிக் கணக்கு, ரொக்கப் பதிவேடு, வங்கிப் பதிவேடு என மூன்றையும் பிரச்சாரக் காலத்தில் செலவினப் பார்வையாளரிடம் மூன்று முறை காட்ட வேண்டும். கட்சி பட்டியல் கொடுத்து அறிவித்த நட்சத்திரப் பேச்சாளர் வந்தால் செலவு கட்சியைச் சேரும். ஆனால் அவரோடு நீங்கள் ஒரே மேடையில் ஏறினாலோ, மேடையில் உங்கள் படம் இருந்தாலோ செலவில் பங்கு உங்கள் தலையில் ஏறும். முடிவு வந்த 30 நாளில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் மனம் வெறுத்து இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு மூன்றாண்டு போட்டியிடத் தடை என்று ஆணை வரும்போதுதான் விழிக்கிறார்கள். வழக்கு உள்ளவர்கள் அதன் விவரத்தைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும், அந்தச் செலவும் இதே கணக்கில் சேரும்.

வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் படிவம் 17சி-யில் பதிவான வாக்கு எண்ணிக்கையை எழுதி முகவருக்கு நகல் தருவார். உங்கள் பாக முகவர் அந்தத் தாளை வாங்காமல் சாவடியை விட்டு வரக்கூடாது. எண்ணிக்கை நாளில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி எண்ணையும் மொத்த வாக்கையும் ஒப்பிட அதைத் தவிர வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது. 137 வாக்கில் 2021-ல் தியாகராய நகர் முடிவானது. 1967-ல் விருதுநகரில் காமராஜரே 1,285 வாக்கில் தோற்றார். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் தபால் வாக்கு ஒவ்வொன்றும் கணக்கு.

ராதாபுரம் 2016-ஐப் பாருங்கள். 49 வாக்கு வித்தியாசம். நிராகரித்த தபால் வாக்குகள் குறித்தும் கடைசிச் சுற்றுகளின் எண்ணிக்கை குறித்தும் தோற்ற வேட்பாளர் அப்பாவு தேர்தல் வழக்கு போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த இழுபறியிலேயே பதவிக்காலம் ஓடிவிட்டது. தேர்தல் வழக்கை 45 நாளுக்குள் போட வேண்டும், ஒரு நாள் தாமதத்தைக்கூட நீதிமன்றம் மன்னிக்காது. ஆனால் ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லும் அதே வழக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே ஆட்சேபத்தை எண்ணும் மேசையிலேயே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறு எண்ணிக்கை கேட்பதானால் இறுதி முடிவில் அலுவலர் கையெழுத்திடுவதற்குள் கேட்க வேண்டும்.

அவைக்குள்

வெற்றிச் சான்றிதழ் படிவம் 22. அதை எடுத்துக்கொண்டு போய் தற்காலிகப் பேரவைத் தலைவர் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்று அரசியல் சட்டத்தின் 193-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. முதலமைச்சரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சராக முடியாது, மொத்த இடத்தில் 15 சதவீதம் என்ற வரம்பு 2003 திருத்தத்தில் வந்தது. ஆகவே ஏறத்தாழ இருநூறு பேர் சாதாரண உறுப்பினர்களாகத்தான் ஐந்தாண்டையும் கழிப்பார்கள். அவர்களுக்கான ஆயுதங்கள் எல்லாம் பேரவை விதிகளுக்குள் இருக்கின்றன.

வினாவிலிருந்து தொடங்குவோம். மனு கொடுக்க வருகிறவர் 'எங்க ஊரு ஆஸ்பத்திரியில டாக்டரே இல்லீங்க' என்கிறார். இதை வாங்கி அதிகாரிக்குப் போன் செய்வதோடு விட்டுவிடுகிறவர்கள் பலர். அவையில் கேட்கிறவர்களும் 'எங்கள் தொகுதியில் மருத்துவ வசதி போதுமானதாக இல்லை என்பதை அரசு அறியுமா, ஆவன செய்யுமா?' என்று எழுதிவிடுகிறார்கள். இதற்கு 'ஆவன செய்யப்படும்' என்று ஒரே வரியில் பதில் வரும், எல்லாம் முடிந்தது. அதே வினாவை இப்படி எழுதிப் பாருங்கள்: (அ) அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை? (ஆ) அவற்றில் காலியாக இருப்பவை எத்தனை, எந்தத் தேதி முதல்? (இ) மாற்றுப்பணியில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர் உண்டா? (ஈ) காலியிடம் எப்போது நிரப்பப்படும்? இப்போது துறை எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த எண்ணைத் தேடும் வேலை தொடங்கியதுமே மாவட்டத்துக்குத் தகவல் போகும். வினா அவையில் வருவதற்கு முன்பே பணியிடம் நிரம்பிவிடுவதும் உண்டு.

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார், அதன்மேல் துணை வினா கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் குறியிடாத வினாவே சிறந்தது; பதிலில் வாக்குறுதியைக் கறக்க வேண்டுமென்றால் நட்சத்திர வினா. ஒரு வினாவில் ஒரு பொருள் மட்டும் இருக்கட்டும். வாதம், அனுமானம், ஏச்சு இருந்தால் செயலகம் தள்ளிவிடும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும் எடுக்க மாட்டார்கள்.

பதில்களின் மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் கோப்பு ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. துணை வினாவில் 'கருத்துரு யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது, மதிப்பீடு எவ்வளவு' என்று கேட்டால் எந்த மேசை என்பது வெளிவரும். 'நிதிநிலைக்கேற்ப மேற்கொள்ளப்படும்' என்றால் நிதித் துறை இன்னும் ஒப்பவில்லை. 'சாத்தியக்கூறு இல்லை' என்றால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் நிலமோ, மக்கள்தொகை வரையறையோ, இரண்டு நிலையங்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரமோ குறுக்கே நிற்கும். நிலம்தான் தடை என்றால் அதை ஊரிலேயே தீர்க்கலாம்.

அமைச்சர் அவையில் 'செய்யப்படும்' என்று சொன்னது அரசு உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழு மாவட்டத்துக்கு வந்து, ஆட்சியர் அலுவலகத்தில் துறை அதிகாரிகளை உட்காரவைத்து, நிறைவேறியது எது, நிலுவை எது என்று வரிசையாகக் கேட்கும். குழுவில் நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தொகுதியின் நிலுவை உறுதிமொழிகளைத் தேதியோடு தொகுத்து, குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடம் கொடுங்கள். செய்தியில் வராத இந்தக் குழுவால் எழும்பிய பள்ளிக் கட்டடங்களும் பாலங்களும் நிறைய இருக்கின்றன. பொதுக் கணக்குக் குழுவும் அப்படித்தான். தணிக்கை அறிக்கையின் பத்திகளைத் துறைச் செயலாளர்களிடம் நேருக்கு நேர் கேட்கும் இடம் அது. சாதாரண உறுப்பினர் அரசு இயந்திரத்தின் உள்ளே போய்ப் பார்க்கக் கிடைக்கும் வழி இந்தக் குழுக்கள்தான். கட்சி உங்கள் பெயரை எந்தக் குழுவுக்குக் கொடுக்கிறது என்பதில் அக்கறை காட்டுங்கள்.

அவசரப் பிரச்சினைக்கு விதி 55-ன் கீழ் கவன ஈர்ப்பு. விதி 110 பேச்சாக அடிபடும், ஆனால் அது அமைச்சர்கள் கையில் உள்ள விதி. அதன்கீழ் படிக்கும் அறிக்கைமீது அப்போது கேள்வியோ விவாதமோ கிடையாது.

நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் வரும். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தரும். பேச எழுந்து தலைவரைப் புகழ்வதிலேயே தந்த பத்து நிமிடத்தையும் கரைப்பது பழகிப்போன ஒன்று. அது தொகுதிக்குச் செய்யும் அநியாயம். முதல் நிமிடத்திலேயே கோரிக்கையைச் சொல்லிவிடுங்கள், ஊர்ப் பெயரையும் நீளம் அல்லது கொள்ளளவையும் மதிப்பீட்டையும் சேர்த்து. அமைச்சரின் பதிலுரையில் சேர வேண்டுமென்றால் விவாத நாளுக்குச் சில வாரம் முன்பே துறையில் கருத்துரு இருக்க வேண்டும். பேச்சில் முதன்முறையாகக் கேட்டது அன்றைய அறிவிப்பில் வராது. எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானம் தருவார்கள், ஒதுக்கீட்டில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்று. அது தோற்கும், ஆனால் குறை அவைக் குறிப்பில் பதிவாகும்.

அறிவிப்பு வந்ததும் ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். அறிவிப்பு வேறு, அரசாணை வேறு. அறிவிப்புக்குப் பின் விரிவான மதிப்பீடு, நிதித் துறையின் ஒப்புதல், நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை, அதற்கும் பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று வரிசை நீளும். அரசாணை எண்ணும் தேதியும் கையில் வரும்வரை அந்த வேலை நடக்கும் என்று மேடையில் சொல்லாதீர்கள்.

சட்டமுன்வடிவுகளைப் பற்றிச் சுருக்கமாக: கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் பல சட்டமுன்வடிவுகள் அடுத்தடுத்துக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். முந்தைய நாள் இரவே படித்து, எந்தப் பிரிவு உங்கள் தொகுதியைத் தொடும் என்று குறித்துவைத்தால் இரண்டு நிமிடம் பேசினாலும் எடுபடும்.

அவையில் பேசியதற்காக உங்கள்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு போட முடியாது. 194-வது பிரிவு தரும் காப்பு அது. அதே வார்த்தையை வெளியே செய்தியாளரிடம் சொன்னால் அந்தக் காப்பு இல்லை. அவைக் குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களைப் பேட்டியில் திரும்பச் சொன்னால் உரிமை மீறல் வரும்.

தொகுதியில்

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. பெரிதாகத் தெரியும். இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதியில் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 120 ரூபாய். இந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கோ கணக்குக்கோ வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். பொறியாளர் மதிப்பீடு போடுவார். ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருவார். ஒன்றியமோ நகராட்சியோ டெண்டர் விட்டுச் செய்யும்.

இதில் சிக்குவது பெரும்பாலும் நிலத்தில். நிழற்குடைக்கோ அங்கன்வாடிக்கோ இடம் காட்டும்போது ஊரார் 'புறம்போக்குதாங்க' என்பார்கள். எந்தப் புறம்போக்கு என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நிலங்களின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டை எடுக்கச் சொல்லி வகைப்பாட்டைப் பாருங்கள். குளம், வாய்க்கால், ஏரி உள்வாய் என்று இருந்தால் கட்டாதீர்கள். நீர்நிலையில் கட்டியதை நீதிமன்றம் இடிக்கச் சொல்லும், அரசுக் கட்டடம் என்று விலக்குத் தராது. கோயில் நிலம், தனியார் நிலம் என்றால் ஒப்புதலே கிடைக்காது. அடுத்த சிக்கல் பராமரிப்பு. உயர்கோபுர மின்விளக்கு வைத்தால் மின்கட்டணத்தை மாதாமாதம் உள்ளாட்சி கட்ட வேண்டும். ஊராட்சித் தீர்மானம் முன்கூட்டியே இல்லையென்றால் ஓராண்டில் இருட்டாகிவிடும். மேல்நிலைத் தொட்டி கட்டும் முன் நீர் ஆதாரத்தின் கோடைக்கால ஊறலைப் பாருங்கள். தொட்டி நிற்கும், தண்ணீர் ஏறாது என்ற நிலை பல ஊர்களில் இருக்கிறது.

சாலைக் கோரிக்கை வந்தால் 'இது யாருடைய சாலை?' என்பதுதான் முதல் கேள்வி. ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையா, மாவட்ட முக்கியச் சாலையா, மாநில நெடுஞ்சாலையா, நடுவில் வனத்துறை நிலம் வருகிறதா? உரிமையாளர் மாறினால் மனு போகும் இடமே மாறும். தவறான துறைக்குப் போன மனு 'எமது துறையைச் சார்ந்ததல்ல' என்று ஆறு மாதம் கழித்துத் திரும்பும். 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின்கீழ், நீண்டகாலமாகத் தீராத பத்துக் கோரிக்கைகளைத் தரும்படி எல்லா உறுப்பினர்களையும் முதலமைச்சர் கேட்டார், எதிர்க்கட்சியினர் உட்பட. ஒவ்வொரு தொகுதிக்கும் பத்து பெரிய வேலைகளின் பட்டியல் மதிப்பீட்டோடு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொறடாவும் கட்சி மாறலும்

கொறடா என்பவர் அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர். அவர் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளில் மன்னிக்காவிட்டால், கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகும். வாக்கெடுப்பே நடக்காமலும் பதவி போகலாம், 'தானாகக் கட்சியை விட்டு விலகினார்' என்று நடத்தையை வைத்தே முடிவு கட்ட முடியும். 2017 ஆகஸ்டில் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 அ.தி.மு.க. உறுப்பினர்களைச் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் சரி என்றார். அந்த 18 தொகுதிகளுக்கும் 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் இடைத்தேர்தல். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அந்த மக்களுக்கு அவையில் ஆளே இல்லை. சுயேச்சையாக வென்றவருக்கு இன்னும் கடினம்: தேர்தலுக்குப் பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். ஆதரவு தரலாம், சேரக்கூடாது.

அனுமதியில்லாமல் 60 நாள் அவைக்கு வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். அரசின்கீழ் ஊதியமோ பலனோ கிடைக்கும் 'ஆதாயம் தரும் பதவி' எதையும் ஏற்கும் முன் சட்டத்தில் விலக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் வீடும்

2017-ல் மாதம் 55,000 ரூபாயாக இருந்ததை 1,05,000 ஆக்கினார்கள். அதில் சம்பளம் 30,000. மீதி தொகுதிப்படி, வாகனப்படி, தொலைபேசிப்படி போன்றவை. சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் விடுதி அறை உண்டு. ஒரு முறை உறுப்பினராக இருந்தவருக்கும் ஓய்வூதியம் உண்டு.

ஆனால் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை ஆறரைக்கே வாசலில் ஆள். பள்ளிச் சேர்க்கை, காவல் நிலையப் பிரச்சினை, மருத்துவமனைப் படுக்கை, முதியோர் உதவித்தொகை. பத்து மணிக்கு மேல் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, துக்க வீடு. முகூர்த்த நாளில் இருபது வீடு ஏற வேண்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் மொய். துக்க வீட்டுக்கு மாலை. கூட வரும் ஆட்களுக்குச் சாப்பாடு, இரண்டு வண்டிக்கு டீசல். 1,05,000 பத்தாம் தேதிக்குள் தீரும். இந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்பதில்தான் பலருடைய நேர்மை போகிறது. ஒப்பந்ததாரர் முதலில் கொண்டுவந்து தருவது கமிஷனாக இருக்காது, ஒரு முகூர்த்த நாளின் மொய்ச் செலவாக இருக்கும். அதை வாங்கிய அன்றே அவர் போடும் சாலையின் தரத்தைக் கேட்கும் வாய் மூடிக்கொள்ளும். மொய் எழுதுவதில்லை, வாழ்த்து மட்டும் என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால் ஆறு மாதம் பேசுவார்கள், பிறகு பழகிவிடும். இரண்டாம் ஆண்டில் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். குடும்பத்தாரை அலுவலக மேசையில் உட்காரவைக்காதீர்கள்; மனு வாங்கிப் பதியும் ஆளுக்குக் கட்சிப் பதவி இல்லாமல் இருப்பதே நல்லது.

1957-ல் குளித்தலையில் தொடங்கி 2016-ல் திருவாரூர் வரை 13 முறை போட்டியிட்டு ஒருமுறையும் தோற்காத கருணாநிதி போன்றவர் விதிவிலக்கு. முதல் முறை வென்றவர்களில் பலர் அடுத்த தேர்தலில் சீட்டே கிடைக்காமல் முன்னாள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே இரண்டாவது முறை செய்துகொள்ளலாம் என்று எதையும் ஒதுக்கிவைக்காதீர்கள். கட்டட வேலை முடிய இரண்டாண்டாவது ஆகும் என்பதால், முதல் இரண்டு மானியக் கோரிக்கைகளில் கேட்டதுதான் உங்கள் காலத்திலேயே திறப்பு விழா காணும்.

விருப்ப மனு கொடுக்கும் முன் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வார்டு உறுப்பினராக இருந்த காலத்தில் நீங்கள் கொடுத்த மனுக்களின் நகல்களை எடுங்கள். ஊராட்சியே முடித்திருக்கக்கூடியதைத் தனியாக வையுங்கள். மீதியைத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் கடைசியாக வந்த பதிலின் தேதியையும் கோப்பு எண்ணையும் எழுதுங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளும் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. உங்கள் தொகுதியின் பெயரைத் தேடி, இப்போதைய உறுப்பினரும் அவருக்கு முன்பிருந்தவரும் என்ன கேட்டார்கள், என்ன பதில் வாங்கினார்கள் என்று அதே தாளில் எதிரே குறியுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று நின்றுபோன வரிகளிலிருந்து உங்கள் முதல் ஆண்டுக்கான வினாக்களை எழுதத் தொடங்கலாம்.